ஆப்பிரிக்கா அப்புறம்... அமராவதி முதல்ல!

புழுதி பறக்க மானைத் துரத்தும் சிறுத்தை. பனிக்கட்டி மேல் குட்டியை அணைத்தபடி தூங்கும் துருவக் கரடி. நிலவொளியில் குளித்து நிற்கும் மலைமுகடு. இப்படி ஒரு படத்தையாவது செல்போன் வால்பேப்பராக வைத்துக்கொள்ளாத காலேஜ் பார்ட்டி யாராவது உண்டா?

படத்தைப் பார்த்த அடுத்த நிமிஷம் ஒரு பெருமூச்சும் வரும். "இதெல்லாம் எடுக்கணும்னா ஆப்பிரிக்கா போகணுங்க. பீரங்கி மாதிரி லென்ஸ் வாங்கணுங்க. நம்ம தாராபுரத்துல என்னங்க இருக்குது? காத்தாலையும் கிளுவை வேலியும்தான்!"

அந்தப் பெருமூச்சைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க. லண்டன் வரைக்கும் போய் ஜெயித்த ஒரு படத்தின் கதையைக் கேளுங்க. அது எடுக்கப்பட்ட இடம், தாராபுரத்தில் பஸ் ஏறி உடுமலை, பொள்ளாச்சி தாண்டினால் வந்துவிடும்!

பதினாறு நிமிஷக் காதல்

லண்டனில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் 'வைல்ட்லைஃப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர்' போட்டியை நடத்துகிறது. 1965-ல் தொடங்கிய போட்டி. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இதுதான் ஆஸ்கர்.

2023-ல் அந்தப் போட்டியில், முதுகெலும்பில்லாத உயிரினங்களின் நடத்தை என்ற பிரிவில் ஜெயித்தவர் ஸ்ரீராம் முரளி. படம் எடுத்த இடம் நம்ம ஆனைமலை புலிகள் காப்பகம். எடுத்தது புலியையா? யானையையா? இரண்டும் இல்லை. மின்மினிப் பூச்சி!

இருட்டிய காடு. மேலே நட்சத்திரங்கள். கீழே மரங்களுக்கு நடுவே பச்சையும் மஞ்சளுமாய் ஆயிரக்கணக்கான ஒளிப்புள்ளிகள். பார்த்தால் கிராபிக்ஸ் என்று சத்தியம் செய்வீர்கள். ஆனால் விஷயம் ரொம்ப சிம்பிள். கேமராவை ஆடாமல் நிறுத்தி, ஒவ்வொரு படத்துக்கும் 19 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்து, 50 படங்கள் எடுத்திருக்கிறார். ஐம்பதையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்ததும் கிட்டத்தட்ட 16 நிமிஷத்தில் அந்தக் காட்டில் மின்னிய வெளிச்சமெல்லாம் ஒரே படத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இப்படிச் சேர்த்ததை அவர் மறைக்கவில்லை. படத்தோடு சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

மின்மினி எதற்காக மின்னுகிறது தெரியுமா? ஆண் பூச்சி பெண் பூச்சிக்கு அனுப்பும் எஸ்.எம்.எஸ். அது! 'நான் இங்க இருக்கேன்' என்று இவர் மின்ன, பிடித்திருந்தால் அந்தப் பக்கமிருந்து பதில் மின்னல் வரும். இந்த நேரத்தில் யாராவது டார்ச் அடித்தாலோ, தெருவிளக்கின் வெளிச்சம் பரவினாலோ மெசேஜ் போய்ச் சேராது. ஜோடி சேராவிட்டால் அடுத்த தலைமுறை ஏது?

ஸ்ரீராம் முரளி இதற்கு முன்பே 2016-ல் 'லாஸ்ட் இன் லைட்' என்று ஒரு குறும்படம் எடுத்தவர். நகரங்களின் விளக்கு வெளிச்சம் கூடக்கூட நட்சத்திரங்கள் எப்படிக் காணாமல் போகின்றன என்று காட்டிய படம் அது. இருட்டின் அருமை தெரிந்த மனிதர் என்பதால்தான் மின்மினிகளுக்குப் பக்கத்தில் போய் அவரால் உட்கார முடிந்தது. கேமராவைவிட அந்தப் பூச்சியைப் பற்றிய அறிவுதான் அங்கே முதல் முதலீடு.

ஆட்டோவும் ஆந்தையும்

"அவருக்குக் காடு பக்கத்துல இருந்துச்சு, எடுத்துட்டாரு" என்கிறீர்களா? சரி, காடே இல்லாத கதைகள் இரண்டு.

2021-ல் இதே போட்டியில் 'இளம் வனவிலங்குப் புகைப்படக் கலைஞர்' பட்டம் வாங்கியவன் பெங்களூரைச் சேர்ந்த வித்யுன் ஹெப்பார். வயசு பத்து! உள்ளூர் தீம் பார்க் ஒன்றின் சுவரில் ஒரு பொந்து. அதில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. பையன் ஃபோகஸ் செய்துகொண்டிருந்தபோது அந்தப் பக்கமாக ஓர் ஆட்டோ போனது. நம்ம ஊர் ஆட்டோவின் கலர்தான் தெரியுமே! அந்த மஞ்சளும் பச்சையும் வலைக்குப் பின்னால் வானவில் மாதிரி கரைந்து நிற்க, க்ளிக்! சிலந்தியை நாம் ஒட்டடை அடிக்கிறோம். அவன் உலகப் பரிசே அடித்துவிட்டான்.

2018-ல் பத்து வயசுக்கு உட்பட்டோர் பிரிவில் ஜெயித்தவன் பஞ்சாபைச் சேர்ந்த அர்ஷ்தீப் சிங். கபுர்தலாவில் அப்பாவோடு காரில் போகும்போது, பழைய குழாய் ஒன்றுக்குள் ஒரு பறவை நுழைவதைப் பார்த்திருக்கிறான். காரை நிறுத்தச் சொல்லி, ஜன்னலிலேயே கேமராவை வைத்துக் காத்திருந்தால், குழாயிலிருந்து எட்டிப் பார்த்தன இரண்டு புள்ளி ஆந்தைகள். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? நம்ம ஊர்ப் பனைமரப் பொந்திலும் பாழடைந்த கிணற்று மேட்டிலும் உட்கார்ந்து முட்டைக் கண்ணை உருட்டுகிறதே, அதே ஆந்தைதான்!

கோவைக்காரர் ஒருவர் கதையும் உண்டு. வருண் ஆதித்யா. நேஷனல் ஜியாகிராபிக் 2016-ல் நடத்திய இயற்கைப் புகைப்படப் போட்டியில் விலங்கு உருவப்படப் பிரிவில் முதலிடம். மகாராஷ்டிராவின் அம்போலியில் எடுத்த அந்தப் படத்தின் ஹீரோ, பச்சைப்பாம்பு. 'கண்ணைக் கொத்திடும்டா' என்று சின்ன வயதில் நம்மைப் பயமுறுத்தினார்களே, அதேதான். கண்ணைக் கொத்துவதெல்லாம் கட்டுக்கதை. ஆனால், படத்தைப் பார்த்தவர்களின் கண்ணைப் பறித்தது நிஜம்.

பொய்க்கால் மாடு

இப்ப கொஞ்சம் ஃபிளாஷ்பேக். ஜூமும் இல்லை, டிஜிட்டலும் இல்லை என்ற காலத்தில் இதையெல்லாம் எப்படி எடுத்தார்கள்?

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்று இரண்டு சகோதரர்கள். 1892-லேயே முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தவர்கள். பறவைகள் மனுஷனைக் கண்டால் பறக்கின்றன, மாட்டைக் கண்டால் பறப்பதில்லை என்பதைக் கவனித்தார்கள். உடனே மாட்டுத் தோல் ஒன்றை வாங்கினார்கள். மரச்சட்டம் கட்டி அதன் மேல் போர்த்தி, ஒரு பொய் மாடு செய்து, 1900 வாக்கில் அதன் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டார்கள்! இன்றைக்குப் படமெடுக்கிறவர்கள் பயன்படுத்தும் மறைவிடக் கூடாரத்துக்கெல்லாம் தாத்தா இந்த மாடுதான். காங்கயம் மாடு மேய்கிற ஊர்க்காரர்களான நமக்கு இந்த ரகசியம் எப்பவோ தெரியும். மாட்டின் காலடியிலேயே உண்ணிக்கொக்கு எவ்வளவு ஹாயாக நடக்கிறது!

நம்ம பக்கத்து முன்னோடி மா. கிருஷ்ணன் (1912 - 1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். ஊரே கலருக்கு மாறிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடாதவர். தன் தேவைக்கேற்பத் தானே சேர்த்துக் கட்டிய பாரமான கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டு யானைகளைத் தேடி நடந்தவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை, இறக்கும் வரை 46 வருஷம் எழுதினார். யானை, காட்டெருமை பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கை, அணில், பல்லி பற்றியும் எழுதியவர். பத்மஸ்ரீ விருதும் பெற்றவர்.

கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகமாகக் கொடுத்தவர் யார் தெரியுமா? சு. தியடோர் பாஸ்கரன். தாராபுரத்துக்காரங்க இப்ப காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். அவர் 1940-ல் பிறந்தது இதே தாராபுரத்தில்தான்! அஞ்சல் துறையில் தமிழகத்தின் தலைமைப் பொறுப்பு வரை போனவர், 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' போன்ற புத்தகங்களால் காட்டுயிர் பற்றித் தமிழில் யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஆக, 'நம்ம ஊர்ல என்ன இருக்கு' என்ற கேள்விக்கு ஊரே ஒரு பதிலை ஏற்கெனவே பெற்று வளர்த்து அனுப்பியிருக்கிறது.

வேலிக்குள்ளே ஒரு சவான்னா

சரி, மேட்டருக்கு வருவோம். தாராபுரத்தில் எதைத்தான் எடுப்பது?

மூலனூர், காங்கயம் ரோடுகளில் போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். கிளுவை வேலி. வேலிக்குள்ளே குடை விரித்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். கீழே கொழுக்கட்டைப் புல். நடுவில் மேயும் மாடுகள். நாம் கொறங்காடு என்கிறோம். இதே காட்சியை வேலியை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தால், டிஸ்கவரி சேனலில் வருகிற ஆப்பிரிக்க சவான்னா மாதிரியே இல்லை? மழையே கம்மியாகப் பெய்கிற பூமியில் மாடும் பிழைக்க, மண்ணும் பிழைக்க, கொங்கு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வரும் மேய்ச்சல் நிலம் அது.

மாடு மட்டுமா? இட்டேரியில் ஒரு காலை நேரம் மெதுவாக நடந்தால் போதும். கரண்டு கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை, றெக்கையை விரித்ததும் நீல நிறத்தில் ஒரு வெடி வெடிக்கும். வேலி முள்ளில் வெட்டுக்கிளியைக் குத்தி வைத்துச் சாப்பிடும் கீச்சான். செங்குத்தாக மேலே ஏறிப் பாடிவிட்டுக் கல் மாதிரி கீழே விழும் வானம்பாடி. கௌதாரி, பஞ்சுருட்டான், தோகை விரிக்கிற மயில். பனிக்காலத்தில் கொடுத்து வைத்திருந்தால், மத்திய ஆசியாவிலிருந்து பாஸ்போர்ட் இல்லாமல் வந்து, புல்லுக்கு மேலே தாழ்வாக மிதந்தபடி இரை தேடும் பூனைப் பருந்து.

தண்ணீர்ப் பறவைதான் வேணுமா? அமராவதிக் கரை இருக்கிறது, உப்பாறு அணை இருக்கிறது. ஒரு நாள் டூர் என்றால் திருப்பூர் பக்கத்து நஞ்சராயன் குளம். 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று உலகமே ஒத்துக்கொண்ட குளம், பனியன் ஊர் ஓரத்தில்!

சிவப்புக் கண்ணாடி

பறவை பின்னால் ஓடப் பொறுமை இல்லாதவர்களுக்கு நிலக்காட்சி இருக்கிறது. அதிலும் ஒரு சுவையான கதை.

அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் 'ஹாஃப் டோம்' என்று ஒரு மாபெரும் பாறை. 1927 ஏப்ரல் 10-ம் தேதி, ஆன்செல் ஆடம்ஸ் என்ற இளைஞர் கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு அதன் எதிரே ஏறினார். மிச்சமிருந்தது இரண்டே தகடு. முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்று எடுத்தார். 'மனசுல பட்ட மாதிரி வராதே' என்று தோன்றியது. கடைசித் தகட்டுக்குச் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல வெளிச்சத்தைத் தடுத்துவிடும். அதனால் வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகி, பாறை மட்டும் விஸ்வரூபம் எடுத்து நின்றது. எடுக்கும் முன்பே படத்தை மனசுக்குள் பார்த்துவிடுவது என்பது அன்றைக்கு அவர் பிடித்துக்கொண்ட வித்தை.

உங்கள் செல்போனில் இதைச் செய்ய மலை ஏற வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வருமே, அப்போது ஒரு சாயங்காலம் காற்றாலைகள் வரிசையாக நிற்கிற பக்கம் போங்கள். மேகம் ஓடும், இறக்கை சுற்றும். எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, எடிட்டிங்கில் நீலத்தை மட்டும் இருட்டாக்குங்கள். வெள்ளைக் காற்றாலைகள் கறுப்பு வானத்தில் எழுந்து நிற்கும்.

இன்னொரு விஷயம். இந்த மாதிரிப் படங்கள் சுவரில் மாட்ட மட்டும் பயன்படவில்லை. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-ல் எடுத்த யோசமிட்டி படங்கள் தலைநகரம் வரை போய் ஆளுகிறவர்களின் கண்ணில் பட்டன. 1864-ல் அந்தப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். ஆன்செல் ஆடம்ஸின் சியரா மலைப் படங்கள், 1940-ல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவாகத் துணை நின்றன.

நம்ம கொறங்காட்டை அப்படி யார் எடுத்திருக்கிறார்கள்? 'சும்மா கிடக்கிற பொட்டல்தானே' என்று சொல்லிச் சொல்லியே சைட்டாகவும் மில்லாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. யாரும் படமெடுக்காத இடம் காணாமல் போனால், காணாமல் போனது என்பதே யாருக்கும் தெரியாது. யோசமிட்டிக்கு ஆள் இருந்தது. மூலனூர் ரோட்டுக்கு நீங்கதான்.

கூட்டைத் தொட்டால் வேட்டை!

இப்போது கொஞ்சம் சீரியஸ்.

லைக் ஆசை பொல்லாதது. 2009-ல் லண்டன் போட்டியின் முதல் பரிசே வேலியைத் தாண்டும் ஓர் ஓநாய்க்குப் போனது. 'அது பழக்கப்பட்ட ஓநாய்' என்று நடுவர்கள் முடிவு செய்ததும் 2010 ஜனவரியில் பரிசு பறிபோனது. 2018-ல் இன்னொருவர். அவர் படத்தில் இருந்த எறும்புத்தின்னி, பாடம் செய்து வைத்த பொம்மை என்ற முடிவுக்கு வந்து அவரையும் தகுதி நீக்கம் செய்தார்கள்.

அவர்கள் இழந்தது பரிசுதான். நம்ம ஊரில் நடக்கிற தப்பில் உயிரே போகிறது. ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில்தான் முட்டை வைக்கும். வானம்பாடியும் கௌதாரியும் அப்படித்தான், தரையில் ஒரு சின்னக் குழிதான் கூடு. கொளுத்துகிற வெயிலில் ஆட்காட்டி தன் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து முட்டையைக் குளிர வைக்கும். 'க்ளோஸ்-அப் ஒண்ணு' என்று நீங்கள் பக்கத்தில் போய் அரை மணி நேரம் நின்றால், தாய் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருக்கும், முட்டை வெந்துகொண்டிருக்கும். நீங்கள் நிற்பதைப் பார்த்து இடத்தைத் தெரிந்துகொள்ளும் காக்கை, நீங்கள் கிளம்பியதும் விருந்துக்கு வரும்.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்றால் என்ன என்று சொல்கிறது. துப்பாக்கியால் சுடுவது மட்டுமில்லை. காட்டுப் பறவையின் முட்டையை உடைப்பதும், கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும்கூட அந்த வார்த்தைக்குள் வருகிறது. இலையை விலக்கிவிட்டு, கிளையை ஒடித்துவிட்டு, 'ஒரே ஒரு க்ளிக்' என்பவர் கையில் இருப்பது கேமராவாக இருக்கலாம். செய்வது வேறு!

அதனால் ஒரே ஒரு விதி. பறவை உங்களைப் பார்த்து, தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டால், நீங்கள் தேவைக்கு மேல் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் வாங்க பாஸ். படம் போனால் போகட்டும்.

கிளம்பறதுக்கு முன்னாடி...

* கேமரா இல்லையே என்று கவலை வேண்டாம். பூச்சி, சிலந்தி, வானம், மரம் எல்லாவற்றுக்கும் கையிலிருக்கும் செல்போனே ஆரம்பத்துக்குப் போதும்.

* காலை 6 முதல் 8 வரை, மாலை 4.30-க்கு மேல். வெளிச்சம் சாய்வாக விழும் நேரம் இது. உச்சி வெயிலில் எடுத்தால் மயிலும் கோழி மாதிரிதான் தெரியும்!

* உட்காருங்கள், தேவைப்பட்டால் படுங்கள். அதன் கண்ணும் உங்கள் லென்ஸும் ஒரே உயரத்தில் இருந்தால் படம் பேசும்.

* பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த ஆட்டோவை மறந்துடாதீங்க.

* மனுஷன் நடந்து வந்தால் பறக்கும் பறவை, நிற்கிற வண்டியைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. வண்டிக்குள் இருந்தபடியே எடுங்கள்.

* கொறங்காடு யாரோ ஒருவருடைய நிலம். "அண்ணா, உள்ள போய் ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால் யாரும் கோவிச்சுக்க மாட்டார்கள். எந்தப் பறவை எங்கே தங்கும் என்ற தகவலும் சேர்ந்தே கிடைக்கும். படலைத் திறந்தால் மறுபடி மூடிவிட்டு வாருங்கள்.

* ஆனைமலை, அமராவதி வனப்பகுதிக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

* கூடு, குஞ்சு, ஆந்தைப் பொந்து, மூன்றின் இருப்பிடத்தையும் நெட்டில் போடாதீர்கள்.

* தேதி, இடம், பறவை, அப்போது அது செய்துகொண்டிருந்த வேலை, இவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 2015 முதல் வருஷாவருஷம் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் நோட்டுக்கு அங்கே மரியாதை உண்டு.

கடைசியாக ஒரு ஹோம்வொர்க். காலேஜ் பஸ் போகிற வழியில் ஒரே ஒரு வெள்வேல மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாசத்துக்கு ஒரு தடவை, அதே இடத்தில் நின்று, ஒரு படம். சித்திரையில் காய்ந்து கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பச்சை போர்த்தும். மார்கழிப் பனியில் பாதி மறைந்து நிற்கும். ஏதோ ஒரு மாசம் கிளையில் பனங்காடை வந்து உட்காரும். பன்னிரண்டு மாசம் முடியும்போது உங்கள் கையில் பன்னிரண்டு படம் இருக்கும்.

பதின்மூன்றாவது மாசமும் அந்த மரம் அங்கே நிற்க வேண்டும் என்ற ஆசையும் வந்திருக்கும். அது போதும்... கிளம்புங்க!